கேட் மூடியிருக்கு

முதலில் வடையைத்தான் போட்டேன்.
எண்ணெயில் அது புரள்கிற அழகை
மெதுவாக ஓடவிட்டு
பின்னால் கொஞ்சம் வீணையும் வைத்து.
பதினோராயிரம் பேர் பார்த்தார்கள்.
ஈப்போவிலிருந்து ஒருவர் எச்சில் ஊறுது என்றார்.
துபாய்க்காரர் ஒருவர் ஊர் ஞாபகம் வருதுக்கா என்று
மூன்று அழுமூஞ்சி அனுப்பினார்.
அன்று சாயங்காலம் நாற்பத்திரண்டு வடை மிச்சம்.
இதயக்குறியைச் சாம்பாரில் தோய்க்க முடியாது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு மேற்கே
டயர் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில்
எட்டடிக்கு ஆறடி.
அமலா டிபன்.
முழுப்பெயர் அமலோற்பவம்.
போர்டு எழுதியவன் எழுத்துக்கு இவ்வளவு என்று கேட்டதால்
பாதிப்பெயரோடு நிறுத்திக்கொண்டோம்.

கொழுந்தன் மகன் பெனடிக்ட் எம்.பி.ஏ.
தினம் மூணு பதிவு சித்தி,
ஒவ்வொன்றும் கேள்வியில் முடியணும் என்றான்.
உங்களுக்குப் பிடித்தது மெதுவடையா மசால்வடையா?
ஏழு பேர் பதில் சொன்னார்கள்.
நாலு பேர் என் சொந்தக்காரர்கள்,
அதில் ஒருத்தி பஜ்ஜி என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை.
கிரைண்டர் மக்கர் செய்த கடுப்பில்
வடையை எடுக்க மனசில்லை.
எதிரே கேட் இறங்கிக்கொண்டிருந்தது, அதை எடுத்தேன்.
காரைக்காலிலிருந்து நிலக்கரி வண்டி.
இப்போதைக்குத் திறக்காது.
ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு அடுப்புக்குத் திரும்பிவிட்டேன்.

மினிபஸ் கண்டக்டர் அறிவழகன் பார்த்திருந்தார்.
வடுவூர் டீச்சர் பார்த்திருந்தார்.
மறுநாள் முகம் தெரியாத ஒருத்தர்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்:
கேட் போடுற அக்கா நீங்கதானா, நம்பர் குடுங்க.

பிறகு அதுவே வேலையாகிவிட்டது.
மூடியாச்சு. திறந்தாச்சு.
மன்னார்குடி வண்டிக்கு இன்ஜின் மாத்துறாங்க.
கேட்டில் அறுவடை மெஷின் மாட்டிக்கிச்சு, சுத்திப் போங்க.
தை மாசம் நெல்லு லாரி வரிசை
அக்ரஹாரத் திருப்பம் வரை.
எழுத்துப்பிழையோடு, படம் கோணலாக,
வீணை இல்லாமல்.

சூசைராஜ் கல்லாவிலிருந்து கத்தினார்:
நிக்கிற வண்டிதான்டி நமக்குச் சோறு.
நீ அவனைப் பார்த்து நிக்காதேங்கிறே.
அவர் கணக்கு தப்பில்லை.
அந்த மாசம் டீயில் மட்டும் ஒரு நாளைக்கு
முந்நூறு ரூபாய் குறைந்தது.
ராத்திரி நோட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு
ஒன்றும் பேசாமல் படுத்தார்.

நானும் நிறுத்தத்தான் இருந்தேன்.
அப்போதுதான் அறிவழகன் அனுப்பினார்:
கேட் எப்ப திறக்கும்,
திறக்குறப்ப ஆறு வடை கட்டி வைங்க.
டீச்சர் ஸ்டாஃப் ரூமுக்கு இருபது.
அரவை மில்லில் ஆயுதபூஜைக்கு இருநூறு.
இருநூறு சொன்னவர் கடைப் பக்கம் வந்ததே இல்லை,
பொய் சொல்லாத பொம்பளை
பழைய எண்ணெய் ஊத்தாது என்று
அவராகவே முடிவுகட்டிக்கொண்டாராம்.
அன்றைக்கு நான் பழைய எண்ணெயைக்
கீழே கொட்டினேன்.
அதுவரை கொட்டியதில்லை என்பதை
எந்த ஸ்டேட்டஸிலும் போடவில்லை.

இப்போது மேம்பாலத்துக்குத் தூண் எழும்புகிறது.
அப்புறம் என்னத்தைப் போடுவே என்கிறார்கள்.
தெரியவில்லை.
பாலத்தின் மேலே போகிறவனுக்கு
என் புகை எட்டுமா என்பதும் தெரியவில்லை.

போன வாரம் காய்ச்சல்.
கண் விழித்தபோது ஒன்பதரை.
போனில் ஐம்பத்தொரு செய்தி.
கேட்? கேட்? அக்கா கேட்?
நடுவில் பெயரில்லாத எண் ஒன்று:
உடம்பு சரியில்லையாம்மா?

பாயில் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.
மணி அடிக்கவில்லை, ஹாரன் இல்லை,
லாரிகள் தடதடவென்று தண்டவாளம் தாண்டுகிற சத்தம்.
திறந்திருக்கு என்று போட்டேன்.

கடை மூடியிருக்கு என்று
போட மறந்துவிட்டேன்.